நிசான் ஜிடி-ஆர் காருக்கு ஸ்டேஜ் 1 போட்டதும் இன்ஜின் லைட், இழுவை இல்லை. அவசரம்!

ஷார்ஜா_35:
போன வாரம் வண்டிக்கு ஸ்டேஜ் 1 பேக்கேஜ் (பவர் கூட்டும் முதல் கட்ட டியூன்) போட்டேன். நேற்றிலிருந்து முழுதாக மிதித்தால் இன்ஜின் லைட் வருகிறது, இழுவையும் இல்லை. போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.

மணல்காற்று:
எந்த வருட வண்டி? மேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராம்) மட்டுமா, இன்டேக் (காற்று உள்ளே போகும் குழாய்), ஒய்-பைப்பும் (புகைக் குழாய்) உண்டா? ரீடரில் என்ன பிழைக் கோடு வருகிறது?

போல்ட்நட்:
பிளக் இடைவெளிதான். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறினால் தீப்பொறி அணைந்துவிடும். 0.7 மி.மீ. வைத்துப் பாருங்கள்.

விஆர்38_பழசு:
கோடு படிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் ஆர்35-க்கு (இந்த ஜிடி-ஆருக்கு) டியூன் போடுகிறார்கள். நான் 2010-லிருந்து ஓட்டுகிறேன். இன்டேக் மாற்றியிருந்தால் இரண்டு ஏர்ஃப்ளோ சென்சாருக்கும் மேப்பில் அளவைத் திருத்த வேண்டும். அகலக் குழாயில் காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும், பெட்ரோல் பத்தாது. பி0171, பி0174 கோடு வந்திருக்கும். பார்த்துவிட்டு வாருங்கள்.

ஷார்ஜா_35:
2012. மேப் மட்டும்தான், ஆன்லைனில் வாங்கியது. ரீடரில் கோடு எதுவும் இல்லை. லைட் நின்று எரியவில்லை, மின்னிவிட்டுப் போகிறது.

மணல்காற்று:
தம்பி, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! பல டியூனர்கள் நாக்கிங் (சிலிண்டரில் பெட்ரோல் தானாக வெடிப்பது) வந்தால் லைட்டை மின்ன வைப்பார்கள். கோடு பதியாது. இன்ஜின் கம்ப்யூட்டர் தீப்பொறி டைமிங்கைப் பின்னால் இழுப்பதால் இழுவையும் போகும். என்ன பெட்ரோல்?

ஷார்ஜா_35:
ஸ்பெஷல் 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு). மேப் 93-க்குத்தான். இரண்டு கூடுதலாகவே போடுகிறேன்.

மணல்காற்று:
அந்த 93 அமெரிக்கக் கணக்கு. அங்கே பம்ப்பில் எழுதியிருப்பது ரான், மான் என்ற இரண்டு ஆக்டேன் அளவுகளின் சராசரி. நம் யுஏஇ பம்ப்பில் இருப்பது ரான் மட்டும். அவர்கள் 93 நமக்குக் கிட்டத்தட்ட சூப்பர் 98. நம் 95 அவர்களுக்கு 91 மாதிரி. இந்த ஜூலை வெயிலில் கேட்கவே வேண்டாம். 98 ஊற்றும்வரை மிதிக்காதீர்கள்.

போல்ட்நட்:
பிளக்கையும் பார்க்கச் சொல்கிறேன்.

கராமா_கியர்:
95-லேயே நான்கு வருடம் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. 98 எல்லாம் பணம் பிடுங்கும் வேலை.

விஆர்38_பழசு:
உங்களுடையது டியூன் செய்த ஜிடி-ஆரா?

கராமா_கியர்:
நிசான் பேட்ரோல் எஸ்யூவி. இன்ஜின் இன்ஜின்தானே அண்ணா.

விஆர்38_பழசு:
டர்போ இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு இங்கே என்ன பேச்சு?

கராமா_கியர்:
பாலைவனத்துக்கு வாருங்கள், யார் இழுக்கிறார் என்று பார்ப்போம்.

மணல்காற்று:
இரண்டு பேரும் தனி இழை போடுங்கள். தம்பி, டேங்கில் 95 எவ்வளவு மிச்சம்? அது கலந்திருக்கும் வரை 98 ஊற்றியும் முழுப் பலன் வராது.

ஷார்ஜா_35:
காலி ஆகும்வரை மெதுவாக ஓட்டி, 98 ஃபுல் அடித்தேன். மின்னவில்லை. நன்றி அண்ணா.

மணல்காற்று:
சந்தோஷம். நாக் லாக் (நாக்கிங் பதிவு) எடுத்துப் போடுங்கள், எந்த சிலிண்டர் என்று பார்க்கலாம்.

போல்ட்நட்:
பிளக் பார்த்தீர்களா?

மணல்காற்று:
தம்பி?