குவிமாடமா, கருவி வேலையா: வெளிநாட்டுக் காசை எதில் போடுவது?

நிலாமுற்றம்:
விசயம் இதுதான். எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்கள், கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள், வானியலுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு யோசனை மேசையில் கிடக்கிறது. ஒன்று, பாடசாலை மேல்மாடியில் குவிமாடம் கட்டி 14 அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வைப்பது. மற்றது, பெரிய தொலைகாட்டிகளுக்குக் கருவி செய்யும் வெளிநாட்டுக் குழு ஒன்றுக்கு இங்கிருந்து பௌதிகவியலோ பொறியியலோ படித்த ஒருவரை இரண்டு வருடம் அனுப்பி வேலை பழக்குவது.

நான் இரண்டாவது பக்கம். ஹவாயில் இருக்கும் கெக் தொலைகாட்டிகளைப் பாருங்கள். 10 மீற்றர் ஆடி, 36 அறுகோணத் துண்டுகளால் ஆனது. கட்டியது பெரும்பாலும் ஒரு தனியார் அறக்கட்டளையின் காசில். அதனால் அதைக் கூட்டாக நடத்தும் நிறுவனங்களில் இல்லாத அமெரிக்க ஆய்வாளர்களுக்கு அங்கே அவதானிக்க இரவு கிடைப்பது அரிது. 2000களில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஒரு வழி கண்டுபிடித்தது: தனியார் தொலைகாட்டிக்குப் புதிய கருவி செய்ய அரசு காசு தரும், பதிலுக்கு அந்தத் தொலைகாட்டியில் இத்தனை இரவு எல்லா ஆய்வாளருக்கும் திறந்துவிட வேண்டும். கெக்கில் இருக்கும் மொஸ்ஃபயர் என்ற அகச்சிவப்புத் திருசியமானி, அதாவது ஒளியை அலைநீளமாகப் பிரித்து அளக்கும் கருவி, அப்படி வந்ததுதான். இன்ரெல் நிறுவனர் கோர்டன் மூரும் மனைவியும் மிச்சக் காசில் ஒரு பங்கு போட்டார்கள். ஆடி கட்டாதவனும் கருவி வழியாக உள்ளே போகலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

சுன்னாகத்தான்:
நல்ல கதை தம்பி. ஆனால் அந்த இரவுகள் கிடைத்தது அமெரிக்க ஆய்வாளருக்கு. எங்கட பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? விசா கிடைக்கும். பிறகு அங்கேயே வேலை, கலியாணம், வீடு. இரண்டு வருடம் கழித்து வாட்சப்பில் ‘சேர், எப்படி இருக்கிறீங்கள்’ என்று ஒரு செய்தி வரும்.

2010 சனவரியிலும் 2019 டிசம்பரிலும் கங்கண கிரகணம் யாழ்ப்பாணத்தில் தெரிந்தபோது எத்தனை சனம் வெளியில் நின்றது என்று நினைவிருக்கா? கண்ணாடிக்கு அடிபட்டார்கள். அந்த ஆவலுக்குக் காசு போடுங்கள். ஒரு பிள்ளை சனியின் வளையத்தைத் தன் கண்ணால் பார்ப்பதும், ஒருவன் எங்கோ வெளிநாட்டுத் தொலைகாட்டியில் திருகாணி முறுக்குவதும் ஒன்றா?

பொறிவாளன்:
திருகாணி முறுக்குவது என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணை. கிணறு எவ்வளவு ஆழம் என்றாலும் துலாவும் வாளியும் சரியில்லை என்றால் தண்ணி மேலே வராது. ஆடி வெளிச்சத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான். அதை அளப்பது கருவி.

பழைய காலத்து ஒளிப்படத் தகட்டில் நூறு ஒளியணு விழுந்தால் ஒன்றோ இரண்டோதான் பதிவாகும். சிசிடி என்ற மின்னணு ஒளியுணரி வந்ததும் அது எண்பது தொண்ணூறு ஆனது. அதே ஆடி, அதே மலை, அதே குவிமாடம். தகட்டை எடுத்துவிட்டுச் சிசிடி வைத்ததற்கு ஈடாக ஆடியைப் பெருப்பிக்க வேண்டும் என்றால் எத்தனை மடங்கு செலவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியும் அப்படித்தான். 1990இல் ஏற்றிய 2.4 மீற்றர் ஆடியை யாரும் மாற்றவில்லை. ஆனால் 2009இல் பொருத்திய கமரா எடுத்த படங்களை முதல் வருடங்களின் படங்களோடு வைத்துப் பார்த்தால் வேறு தொலைகாட்டி என்றே நினைப்பீர்கள்.

மொஸ்ஃபயரின் உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் ஏன் காசு போகிறது என்பது விளங்கும். ஒரே நேரத்தில் பல விண்மீன் மண்டலங்களின் திருசியத்தை எடுக்க, ஒவ்வொன்றின் வெளிச்சமும் போக ஒரு மெல்லிய பிளவு வேண்டும். முன்னர் பார்க்கும் ஒவ்வொரு வானப் பகுதிக்கும் உலோகத் தகட்டில் பிளவு வெட்ட வேண்டும். அகச்சிவப்பு என்றால் அந்தத் தகட்டையும் குளிரூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தகட்டின் சொந்த வெப்பமே ஒளிரும். மொஸ்ஃபயரில் எதிரெதிராக நகரும் சிறு சட்டங்கள் சோடி சோடியாக, மொத்தம் 46 பிளவு. வெற்றிடத்துக்குள், சுழியத்துக்குக் கீழே சுமார் 150 பாகை குளிரில், கொம்பியூட்டர் சொன்ன இடத்துக்குச் சில நிமிடங்களில் போய் நிற்கும். அந்தக் குளிரில் உராய்வுநீக்கி எண்ணெய் உறைந்துவிடும், உலோகம் சுருங்கும். இந்த வேலை பழகியவன் ஊருக்கு வந்தால் வேறு எத்தனையோ செய்வான்.

சுன்னாகத்தான்:
‘வந்தால்’. அந்தச் சொல்லைத்தான் நானும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வடமராட்சி மாஸ்ரர்:
முப்பது வருடத்துக்கு மேல் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற முறையில் குவிமாடத்தைப் பற்றி ஒன்று சொல்ல விடுங்கள்.

ஒரு பாடசாலையில், பேர் வேண்டாம், யாரோ அன்பளித்த தொலைகாட்டி ஒன்றைப் போய்ப் பார்த்தேன். விளையாட்டுச் சாமான் அறையில், வலைப்பந்துக்கும் கூடாரத் துணிக்கும் நடுவில் இருந்தது. மூடியைத் திறந்தால் கண்வில்லையில் பூஞ்சணம், நடுவில் தொடங்கி விளிம்பு வரை நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. தாங்கியின் திருகாணி துருவேறி அசையவில்லை. மோட்டர்ப் பெட்டிக்குள் மின்கலம் கசிந்து வெள்ளைப் பொடி. அன்பளித்தவரின் பேர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. திறப்பு அதிபரிடம், அதிபர் இடமாற்றம். இப்படித்தான் போகும் இந்தக் கதை.

எங்களுக்குச் சுற்றவரக் கடல். உப்புக்காற்று. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை வாடைக்கால முகில். அதோடு நகர வெளிச்சம் இப்போது கோண்டாவில் தாண்டியும் போய்விட்டது. 14 அங்குலம் தேவையே இல்லை. வெளியே தூக்கிக்கொண்டு போகக்கூடிய 8 அங்குலம் போதும், வளையம் அதிலும் தெரியும். மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் யப்பான் தந்த 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி இருக்கிறது. அதற்குக் கமராவும் திருசியமானியும் பூட்டித்தான் ஆய்வு செய்கிறார்கள், வெறும் குழாயாக இல்லை.

நிலாமுற்றம்:
அதைத்தான் மாஸ்ரர் நானும் சொல்ல வந்தது. கட்டடத்துக்குக் காசு தர எல்லாரும் வருவார்கள். உள்ளே வைக்கும் பொருளுக்கும் அதைப் பராமரிக்கும் கைக்கும் தருவதற்கு ஆளில்லை. உலகம் முழுக்க இதே வியாதி.

ஸ்காபரோ ராகவி:
நான் காசு தருபவர்களில் ஒருத்தி, அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். பேர்ப்பலகை விருப்பம் எங்களில் கனபேருக்கு இருக்கிறது. கூட்டத்தில் குவிமாடத்தின் படத்தைக் காட்டியதும் கை தட்டினார்கள். ‘ஒரு ஆளை அனுப்பலாம்’ என்றதும் அறை அமைதி.

ஆனால் நிலாமுற்றம், உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. அமெரிக்க அரசு காசு கொடுத்து இரவு வாங்கியது. ஒரு பெரிய கருவிக்கு மில்லியன் கணக்கில் டொலர் போகும், நாங்கள் சேர்ப்பது அதில் தூசு. எங்கள் காசுக்கு யாரும் ஒரு இரவைக்கூடத் தரமாட்டார்கள். ஐரோப்பியத் தென் வான்காணகம் வேறு மாதிரி. சிலியில் இருக்கும் அவர்களின் 8.2 மீற்றர்த் தொலைகாட்டிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கருவி கட்டும். பொருட்செலவின் பெரும்பகுதியைக் காணகம் தரும், பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆட்களின் உழைப்பைத் தரும். அந்த உழைப்புக்குப் பதிலாக உறுதிசெய்த அவதானிப்பு இரவுகள் கிடைக்கும். அங்கே செல்லுபடியாவது மனித மணித்தியாலம். எங்களிடம் தர இருப்பதும் அதுதான்.

சுன்னாகத்தான்:
அக்கா சொல்வதில் நேர்மை இருக்கிறது, அதனால் நானும் நேராகக் கேட்கிறேன். பெரிய திட்டத்தில் தலையை விட்டவர்கள் என்ன ஆனார்கள்? 30 மீற்றர்த் தொலைகாட்டியில் பத்து வீதப் பங்குக்கு இந்திய அரசு 2014இல் சுமார் 1,300 கோடி இந்திய ரூபாவுக்கு அனுமதி கொடுத்தது. ஹவாயில் பூர்வகுடி மக்கள் தங்கள் புனித மலை என்று வழி மறித்தார்கள், அதில் எனக்கு அவர்கள் பக்கம்தான் மனம். மலையில் இன்னும் ஒன்றும் எழவில்லை. இந்தியாவுக்கு அது தாங்கும். எங்களுக்கு 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற கால் வலியே இன்னும் போகவில்லை. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக்கிடக்கிறது, அதை ஒழுங்காக அளக்க ஆய்வுகூடங்களுக்கு வசதி காணாது. அதை விட்டுவிட்டு வானத்தில் யார் காசு போடுவார்?

பொறிவாளன்:
நைத்திரேற்றை எதனால் அளக்கிறார்கள் அண்ணை? ஒளியை அலைநீளமாகப் பிரித்து, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்க்கிற கருவியால். ஒளிமூலம், ஒளியைப் பிரிக்கும் கீற்றணி, உணரி. பெரிய தொலைகாட்டியின் பின்பக்கத்தில் இருப்பதற்கும் இதுதான் அடிப்படை. அதைக் கழற்றிப் பூட்டி அளவுதிருத்தம் செய்யத் தெரிந்த நாலு பேர் இங்கே இருந்தால், பழுதான கருவியோடு கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

30 மீற்றர்க் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள். அந்தப் பங்கில் சுமார் எழுபது வீதம் பொருளாகவும் வேலையாகவும் தருவது என்றுதான் ஒப்பந்தம். ஆடித் துண்டு மெருகிடும் கூடத்தை பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் அமைத்தார்கள். மலையில் ஒன்றும் எழாவிட்டாலும் கூடமும் கைப்பழக்கமும் அவர்களிடம்தான்.

வெளியே போவதுதான் பயம் என்றால், இங்கிருந்தே செய்யக்கூடியதும் இருக்கிறது. கருவியில் பாதி இப்போது மென்பொருள். ஐரோப்பியக் காணகத்தின் தரவு பொதுவாக ஒரு வருடத்தில் எல்லாருக்கும் திறக்கும். சிலியின் ரூபின் வான்காணகம் வானத்தில் மாறியவை பற்றி இரவுக்கு மில்லியன் கணக்கில் அறிவித்தல் அனுப்பும், அதை யாரும் எடுக்கலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்தும் எடுக்கலாம், மின்சாரம் நின்றால் தொலைபேசியிலும் எடுக்கலாம்.

வடமராட்சி மாஸ்ரர்:
தரவு மட்டும் பார்த்தால் கை பழகாது. தமிழ்நாட்டுக் காவலூரில் (எங்கட ஊர்காவற்றுறைக் காவலூர் இல்லை!) 1977இல் யுரேனஸ் வளையம் பிடிபட்ட அவதானிப்பில் பங்குகொண்டது 1 மீற்றர்த் தொலைகாட்டிதான். ஒரு வெள்ளி, அதாவது நட்சத்திரம், யுரேனசுக்குப் பின்னால் மறையும்போது அதன் வெளிச்சம் நொடிக்கு நொடி எப்படிக் குறைகிறது என்று அளந்தார்கள், அவ்வளவே.

இன்னொன்று. ‘பிஈ’ (Be) வகை வெள்ளிகளின் திருசியத்தை உலகம் முழுக்க அமெச்சூர்கள் 8, 10 அங்குலத் தொலைகாட்டியில் சிறு திருசியமானியைப் பூட்டி எடுத்து, பாரிசில் இருக்கும் பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த வெள்ளிகளைச் சுற்றியுள்ள வாயுத் தட்டு வருடக்கணக்கில் வளரும், கரையும். யாராவது விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது எங்களால் முடியும்.

மட்டுறுத்துநர்:
தலைப்புக்கு வெளியே இருந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். தேர்தல் பேச வேறு இழை இருக்கிறது.

ஸ்காபரோ ராகவி:
மாஸ்ரர் சொல்வதைக் கூட்டத்தில் வைக்கிறேன். 8 அங்குலம், சிறு திருசியமானி, குளிரூட்டிய கமரா, ஈரம் புகாத அலுமாரி. மிச்சத்தில் ஆள். ஆனால் ஆள் எத்தனை மாதம், எந்த ஒப்பந்தத்தில் என்று எழுத்தில் வேண்டும்.

சுன்னாகத்தான்:
குவிமாடம் வேண்டாம் என்றால் சரி, அதற்கு நான் அழவில்லை. ஆனால் போகிறவர் திரும்பி வந்து இரண்டு வருடம் இங்கே படிப்பிக்க வேண்டும் என்று பிணை எழுதுங்கள், வராவிட்டால் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும். பிணையில் யார் கையெழுத்துப் போடுவது? பாடசாலையா, பழைய மாணவர் சங்கமா, தாய் தகப்பனா? அதைச் சொல்லாமல் ஒரு சதமும் எடுக்காதேங்கோ.

நிலாமுற்றம்:
சங்கம். தாய் தகப்பனை இதில் இழுக்கக் கூடாது.

சுன்னாகத்தான்:
அப்ப சங்கத்தின் பொருளாளரை இங்கே வந்து எழுதச் சொல்லும். நான் காத்திருக்கிறேன்.