சிப்பி, மட்டியில் ஏறும் பாசி நஞ்சு: பார்த்தவர்கள், கையாண்டவர்கள் எழுதுங்கள்

ஆய்வுமேசை:
கடல் நிறம் மாறவில்லையே, நஞ்சு எப்படி வரும் என்று பலரும் கேட்கிறார்கள். நிறத்தை நம்பவே கூடாது. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அது நாக்டிலூக்கா என்ற பாசி. தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைத்து மீனைக் கொல்லும். நரம்பைத் தாக்கும் சாக்சிடாக்சின் என்ற நஞ்சு அதில் கிடையாது. சாக்சிடாக்சினைச் சுரக்கும் அலெக்சாண்ட்ரியம் என்ற பாசி லிட்டருக்குச் சில ஆயிரம் செல் இருந்தாலே போதும். தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும்; சிப்பி இரவு பகலாக வடிகட்டி உள்ளே சேர்த்துவிடும்.

1981இல் செங்கல்பட்டுப் பக்கத்து வயலூரில் மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் பாறைச் சிப்பியால் 7 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் ஜனங்கள் வழக்கமாகச் சாப்பிடும் பண்டம்தான்.

குளச்சல் கரை:
நன்றாக வேகவைத்தாலும் போகாதா சார்? இரண்டு நாள் தண்ணீரில் போட்டு மண் கக்க விடுகிறோமே?

ஆய்வுமேசை:
போகாது தம்பி. வீட்டு அடுப்புச் சூட்டில் சாக்சிடாக்சின் அழியாது. கொஞ்சம் வேகவைத்த தண்ணீரில் இறங்கும், அந்தச் சாறும் குழம்புக்குத்தானே போகிறது! மண் கக்க விட்டால் மண் போகும். புற ஊதா விளக்கு வைத்த சுத்திகரிப்புத் தொட்டியில் 48 மணி நேரம் விட்டால் பாக்டீரியா குறையும், நஞ்சு அப்படியே இருக்கும். பாசி அடங்கிய பிறகு சிப்பி தானாக நஞ்சை இழக்கச் சில வாரம் பிடிக்கும். அலாஸ்காவின் வெண்ணெய் மட்டி இரண்டு வருடம் வரை வைத்திருக்கும். ஆகவே ஓர் இனத்தின் கணக்கை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

சிப்பிச் சாற்றை எலிக்கு ஊசி போட்டு, அது இறக்கும் நேரத்தை வைத்து நஞ்சை அளக்கும் எலிச் சோதனையில் கை தவறும் இடங்களைச் சொல்கிறேன். ஓட்டைத் திறக்கச் சூடு காட்டக் கூடாது; மூடு தசையைக் கத்தியால் அறுத்துத் திறக்க வேண்டும். சதையைச் சல்லடையில் 5 நிமிடம் வடியவிட்டு அரைக்கவும். உறைந்த மாதிரி என்றால் உருகி வடியும் நீரையும் சேர்த்தே அரைக்க வேண்டும், நஞ்சு அதிலும் இருக்கிறது. 100 கிராம் விழுதுக்கு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி, மெதுவாக 5 நிமிடம் கொதி. நேரத்தை நீட்டினால் இந்த நஞ்சின் வீரியம் குறைந்த சில வகைகள் அமிலச் சூட்டில் வீரியமானவையாக மாறி, அளவு கூடுதலாகக் காட்டும். ஆறியதும் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 2க்கும் 4க்கும் நடுவில் இருக்க வேண்டும், 4.5ஐத் தாண்டவே கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விடுங்கள். ஒரே இடத்தில் ஊற்றினால் அந்த இடத்தில் காரம் ஏறி நஞ்சு சிதைந்துவிடும். கெட்ட சிப்பி சோதனையில் நல்ல சிப்பியாகிவிடும். இந்தத் தவறுதான் எனக்கு மிகப் பயமான தவறு. பிறகு 200 மில்லியாக்கி, தெளிந்த நீரில் 1 மில்லி எலிக்கு ஊசி. எலி 5 நிமிடத்துக்குள் இறந்தால் நீர்த்துத் திரும்பப் போட வேண்டும், 5 முதல் 7 நிமிடத்துக்குள் இறந்தால்தான் கணக்கு சரியாக வரும். கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம் நஞ்சு என்பது வரம்பு.

இரவுப்பணி மருத்துவர்:
உதடு, நாக்கு மதமதப்பதுதான் முதல் அடையாளம். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். பிறகு விரல் நுனி, மிதப்பது போன்ற உணர்வு, பேச்சு குழறல். வாந்தி பேதி இல்லாமலும் இருக்கலாம், அதனால் ‘உணவு நஞ்சு இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நரம்பின் சோடியம் வழிகளை அடைப்பதால் மூச்சுத் தசைகள் நிற்கும். நினைவு தப்பாமல் மூச்சு மட்டும் போகும். மாற்று மருந்து கிடையாது. வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும். 24 மணி நேரம் மூச்சைத் தாங்கிப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் முழுதாகத் தேறிவிடுவார்கள்.

1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் வந்தது வேறு ரகம். சூடோநிட்ஷியா என்ற பாசி சுரக்கும் டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு, நீலச் சிப்பி வழியாக. 3 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிய நினைவுகள் நிற்கவேயில்லை. அதன் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

குளச்சல் கரை:
மிச்சக் குழம்பைக் கொட்டிவிடலாமா டாக்டர்?

இரவுப்பணி மருத்துவர்:
கொட்டாதீர்கள். மூடி போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சமைக்காத சிப்பி மிச்சம் இருந்தால் அதையும், எந்தப் பாறையில் எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி ஒட்டி வையுங்கள். அதே பாறைச் சிப்பி பக்கத்து வீடுகளுக்கும் போயிருந்தால், சாப்பிட வேண்டாம் என்று அப்போதே போய்ச் சொல்லுங்கள்.