மாடல் டி-யா, மாடல் ஏ-யா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய ஃபோர்டு ஒன்று வாங்க ரொம்ப நாளாக ஆசை. இங்கே மிச்சிகனில் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன: 1924 மாடல் டி, 1930 மாடல் ஏ. இடையில் ஆறே வருடம், ஆனால் ஓட்டும் விதமே வேறு. டி-யில் ஆக்சிலரேட்டர் ஸ்டீயரிங் பக்கத்தில், கையால் இயக்க வேண்டும். இடது பெடல் கியருக்கு, நடுவில் ரிவர்ஸ், வலதில் பிரேக். பம்ப் இல்லாமல் பெட்ரோல் டாங்கிலிருந்து இன்ஜினுக்குத் தானாக வழிந்து இறங்குவதால், டாங்கில் குறைந்துவிட்டால் செங்குத்தான மேட்டை ரிவர்ஸில்தான் ஏற வேண்டும்! மனசு டி-யில்தான் இருக்கிறது.

ஏ-யில் 40 குதிரைத்திறன், டி-யைப் போல இரண்டு மடங்கு. நான்கு சக்கரத்துக்கும் பிரேக்.

வாரம் ஒருமுறை மகளோடு கிராமச் சாலையில் போகத்தான். டி-யின் பிரேக்கை நம்பலாமா? ஏ-யின் சிங்க்ரோ (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லாத கியர் பழக எத்தனை நாள் ஆகும்? அப்புறம், வாங்கும் முன் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?