ஹவாயின் பாரம்பரிய நடனமான ஹூலா வகுப்புக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

ஹோனலூலுவில் ஒரு வருடம் இருந்தபோது மானோவா பக்கம் ஒரு ஹாலாவில் சேர்ந்தேன். ஹாலாவ் என்றால் ஹூலா பள்ளி. ஆசிரியரைக் குமு என்பார்கள். ஏழு வருடம் பரதம் கற்றவள் என்ற தெனாவட்டோடுதான் போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் நினைத்தபடி உள்ளே போக முடியாது. வாசலில் வரிசையாக நின்று, வரலாமா என்று கேட்கும் ஓலியை, அதாவது ஹவாய் மொழி ஓதலை, பாட வேண்டும். உள்ளேயிருந்து குமு பதில் பாடினால்தான் காலெடுத்து வைக்கலாம். தூறல் வேறு. பாடினோம், பதில் இல்லை. மறுபடியும் பாடினோம், அப்போதும் இல்லை. பின்வரிசையில் நான் வாயை மட்டும் அசைத்தது அந்த அம்மாவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ! மூன்றாம் முறை நானும் குரல் விட்ட பிறகே பதில் வந்தது.

அப்புறம் ஆட்டம். முழங்காலை மடக்கச் சொன்னதும் என் கால் தானாக அரைமண்டிக்குப் போய்விட்டது. குமு தன் பாதத்தால் என் பாதத்தைத் தட்டி முன்னோக்கித் திருப்பினார். மூன்று வாரம் எனக்கு அதுதான் பாடம்.

குமு தன்னைப் பற்றிப் பேசினால் தன் குருவிடமிருந்துதான் தொடங்குவார். அவருடைய குரு மைகி ஐயு லேக்கின் மாணவி. மைகிக்குச் சொல்லிக்கொடுத்தவர் லோகாலியா மான்ட்கோமரி. 1970களின் தொடக்கத்தில் மைகி, குமுக்களை உருவாக்கவே தனி வகுப்பு நடத்தியிருக்கிறார். அதில் தேறிய ராபர்ட் கசிமெரோதான் 1975-இல் ஆண்களுக்கென்று ‘நா கமலேய்’ பள்ளியைத் தொடங்கியவர்.

*

உங்கள் பதிவைப் பார்த்துப் பதில் எழுதுகிறேன். நான் ஆடவில்லை, என் மகள் ஆடினாள். ‘ஊனிகி’ (ஹூலா கற்றுத் தேறியவருக்கான சடங்கு) என்றதும் நம் அரங்கேற்றம் மாதிரியா என்று கேட்டு ஒரு மூத்த மாணவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆடுபவருக்கு ஒரு நிலை, தாளம் தட்டி ஓதுபவருக்கு ஒரு நிலை, குமு ஆவதற்கு வேறொன்றாம். அழகாக ஆடுகிறாள் என்பதற்காக யாரும் குமு ஆகிவிட முடியாது. அந்த நிலையைக் குரு கொடுக்க வேண்டும்.

*

நானும் ஒரு பதில் போடுகிறேன். ஹவாயின் ஹீலோ ஊரில் மெர்ரி மோனார்க் என்ற ஹூலா விழா பார்த்திருக்கிறேன். 1971-இலிருந்து அங்கே போட்டி நடக்கிறது. 1830-இல் பொது இடத்தில் ஆடக்கூடாது என்று ராணி காஅஹுமனு தடை போட்ட கலை. கலாகௌவா மன்னர்தான் 1883-இல் தன் முடிசூட்டு விழாவிலேயே ஆட வைத்தார். விழாவின் பெயரும் அவருடைய பட்டப்பெயர்தான்.

ஒருநாள் கடையில் மீதிச் சில்லறையில் 2023-இல் வந்த கால் டாலர் ஒன்று கிடைத்தது. அதில் ஈடித் கனகாஓலே! ஹீலோவின் பெரிய குமு. தலைமுடியே மலையும் நிலமுமாக விரிகிறது. ஓரத்தில் ‘ஏ ஹோ மய் கா இகே’, அறிவைத் தா என்று அவர் இயற்றிய ஓலியின் வரி.

*

முதலில் பதிவு போட்டவள்தான் மறுபடியும். அந்த வரியையா! அதைத்தானே வகுப்பு தொடங்குமுன் மூன்று முறை பாடுவோம். டப்பாவில் போட்டுவைத்த அமெரிக்கச் சில்லறையையெல்லாம் இப்போது தரையில் கொட்டி வைத்திருக்கிறேன். இதுவரை வாஷிங்டன் முகம்தான் வருகிறது, பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன், இருங்கள்.