தூத்துக்குடியில் வீடு பார்க்கிறேன், குடியிருப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சேலத்துக்காரன்

துறைமுகத்துப் பக்கம் வேலை. குடும்பத்தோடு வருகிறேன். சில வீடுகள் பார்த்தாயிற்று. வாடகையைச் சொல்வதற்கு முன்பே தரகர் "நல்ல தண்ணி இருக்கு, மழைத் தண்ணி நிக்காது" என்று ஆரம்பித்துவிடுகிறார். கேட்காமலே ஒருவர் சொன்னால் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஒரு வீட்டில் கேட், ஜன்னல் கம்பி, மோட்டார் பெட்டி எல்லாமே துரு. ஆனால் வீடு கட்டி அதிக காலம் ஆகவில்லை என்கிறார்கள். இங்கே இருப்பவர்கள் பட்டதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிரையன்ட் நகர் அக்கா

தம்பி, தரகர் சொல்வதை விடுங்கள். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா பாருங்கள். புது பெயின்ட் இடுப்பளவு மட்டும் அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். நம் மாவட்டத்துக்கு வருடம் முழுக்கவே அவ்வளவு பெய்யாது. மழை விட்டதும் தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். அப்புறம்தான் கோரம்பள்ளம் குளம் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்தது. வெயில் அடிக்கிறது, தெருவில் தண்ணீர் ஏறுகிறது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தோணியார்புரம் பக்கம் நெல்லை ரோடே அறுந்துபோனது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. மீனவர்கள் படகைக் கொண்டுவந்து ஆட்களை ஏற்றினார்கள். எங்கள் மாமியாரைத் தூக்கி உட்கார வைத்த தம்பி, "ஆச்சி, பயப்படாதீங்க, கடல விட இது சின்னதுதான்" என்றான். அந்த நேரத்திலும் சிரித்துவிட்டோம்.

பிறகு மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஒரு தெருவில் இறைத்தால் அடுத்த தெருக்காரர் சண்டைக்கு வருவார். தண்ணீர் அங்கேதானே போகும்! ஊரே தட்டையான தரை, கடல் மட்டத்துக்குப் பெரிய உயரம் கிடையாது. பக்கிள் ஓடைதான் பிரதான வடிகால். கடல் ஏற்றமாக இருக்கிற நேரத்தில் ஓடைத் தண்ணீர் சுலபத்தில் வடியாது. 2021 நவம்பரிலும் பல இடங்களில் இப்படித்தான் தேங்கியது. அதற்குப் பிறகு வடிகால் வேலைகள் நிறைய நடந்திருப்பது உண்மை. ஆனால் உங்கள் தெருவுக்கு அது வந்து சேர்ந்ததா என்பதை அந்தத் தெருப் பெட்டிக்கடையில் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்ல மாட்டார், பெட்டிக்கடைக்காரர் சொல்வார்.

ஒப்பந்தக்காரர்

துரு விஷயம் நான் சொல்கிறேன் அண்ணாச்சி, என் தொழில் அது.

கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருக்கும். உள்ளே இருந்து தள்ளுகிற தள்ளில் காரை விரிசல் விட்டு, கடைசியில் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து விழும். அதனால் கடற்கரை ஊர்களில் கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பிக்கு வெளியே இருக்கிற கான்கிரீட் கனம்), எம் 30 என்கிற வலுவான தரக் கான்கிரீட்டும் வேண்டும் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. நம் ஊரில் பல வீடுகளில் அந்தக் கனம் கிடைக்கக் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்கே பார்க்க முடியாது, ஜல்லிக்கல்லைக் கம்பிக்கு அடியில் சொருகிவிட்டுப் போவார்கள். அதைவிடப் பெரிய பாவம், போர் தண்ணீரில் கலவை போடுவது. இங்கே நிறைய இடத்தில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கலவை போட்டு, கான்கிரீட் இறுகுவதற்கு நனைக்கிற க்யூரிங்கும் அதிலேயே செய்தால் உப்பைக் கையாலேயே சுவருக்குள் வைத்துக் கட்டுகிற மாதிரிதான். லாரித் தண்ணீருக்குக் காசு ஆகும் என்று இதைச் செய்கிறார்கள்.

வாடகை வீடு பார்க்கிறவர் இதையெல்லாம் நோண்ட முடியாது. பால்கனி அடிப்பக்கமும் சன்ஷேடு முனையும் மட்டும் நிமிர்ந்து பாருங்கள். கம்பி போகிற வாக்கில் நீளமான விரிசலோ பழுப்புக் கறையோ இருந்தால் வேண்டாம். கேட் துருவெல்லாம் ஒன்றுமில்லை, இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு.

உப்பள வீட்டுப் பையன்

எல்லாரும் மழையை ஒரே மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் கோடை மழைதான் எதிரி. தை, மாசியில் பாத்தி சரிசெய்து, உப்பு விளைந்து வாரும் சமயத்தில் ஒரு மழை அடித்தால் விளைந்தது கரைந்துபோகும், திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் வேலையே கிடையாது. அம்மா விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குப் போய்விடுவாள். வெயில் ஏறினால் உப்பு வெள்ளையில் கண் கூசும். 2023இல் கூட்டி வைத்த அம்பாரங்களைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு நிவாரணம் பற்றிப் பேச்சு இருந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லை, வேலைதான் போனது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சேலத்துக்காரன்

தம்பி, இது எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி. குடிதண்ணீர் எப்படி என்று யாராவது சொல்லுங்களேன்.

பிரையன்ட் நகர் அக்கா

தாமிரபரணித் தண்ணீர்தான், வல்லநாட்டில் இருந்து குழாயில் வருகிறது. நாலாவது பைப்லைன் வருவதற்கு முன்னால் குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்காகக் காத்துக்கிடப்போம். விடிகாலையில் வந்தால் தூக்கம் போச்சு. இப்போது எவ்வளவோ தேவலை. ஆனாலும் கீழே ஒரு தொட்டியும் மாடியில் ஒரு சின்டெக்ஸும் இல்லாத வீட்டுக்குப் போகாதீர்கள். புழங்க உப்புத் தண்ணீர், குடிக்க ஆற்றுத் தண்ணீர் என்று இரண்டு குழாய் தனித்தனியாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் குளித்தால் தலைமுடி வைக்கோலாகிவிடும். உங்கள் வீட்டம்மா என்னைத் திட்டக்கூடாது, அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

திரேஸ்புரம் மருமகன்

கச்சான் காற்றை யாரும் சொல்லவில்லையே? ஆனி, ஆடியில் மேற்கே இருந்து சூடாக, மண்ணோடு வரும். மேற்கு ஜன்னலைத் திறக்க முடியாது. கிழக்குப் பார்த்த படுக்கையறை கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூட என்றாலும் எடுங்கள்.

அப்புறம் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, விலை எகிறும். நாட்டுப்படகு போகும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் சனிக்கிழமை நிறையப் படகு கரைக்கு வந்துவிடும். அன்றைக்குத் திரேஸ்புரம் வாருங்கள். முதல் தடவை தனியாக வந்து விலை கேட்காதீர்கள், ஒரு குரல் கொடுங்கள், நான் கூட வருகிறேன்.

சேலத்துக்காரன்

வருகிறேன் அண்ணாச்சி. தரகரிடம் பேசினேன். தெரு முனைப் பெட்டிக்கடையில் விசாரித்துவிட்டு முன்பணம் தருகிறேன் என்றேன். "அந்தக் கடை என் மச்சான் கடைதான் சார்" என்கிறார்.

பிரையன்ட் நகர் அக்கா

அப்படியானால் அடுத்த தெருக் கடையில் கேளுங்கள்.