பெரும்பாக்கம் 15 கிலோமீட்டராம்!

கூவக்கரை | காலை 7.12
சென்னைக் குடிசைங்களைக் காலி பண்ணி, தெற்கே பெரும்பாக்கத்துல குடுத்த அரசு அடுக்குமாடி வீடுகளைப் பத்தி நேத்து ராத்திரி வேற ஒரு இழையில ஓஎம்ஆர்வாசி உதிர்த்த முத்து இது: "அரசாங்கம் கோடிகோடியா கொட்டி லிஃப்ட் வச்ச வீடு கட்டிக் குடுத்திருக்கு. சிட்டியிலிருந்து வெறும் 15 கிலோமீட்டர். இன்னும் என்ன அழுகை?"

அந்த 15 எங்கேருந்து வந்துச்சு சார்? நாங்க இருந்தது சிந்தாரிப்பேட்டை, கூவம் ஓரம். 2015 வெள்ளம் வடிஞ்சப்புறம் எங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏத்திட்டாங்க. எட்டு மாடிக் கட்டடம், எங்களுக்கு ஆறாவது மாடி. எங்க அம்மா எழும்பூர்ல மூணு வீட்ல வேலை பாத்தாங்க. நடந்து போய், நடந்து வந்து, மத்தியானம் எங்களுக்குச் சோறும் போடுவாங்க. இங்க வந்து நாலு மாசம் விடியக்காலை பஸ்ஸுக்கு ஓடினாங்க. அப்புறம் மூணு வீடும் கைவிட்டுப் போச்சு. என் வண்டி மீட்டர்ல 26. இருபத்தாறு. பதினஞ்சு இல்ல.

ஓஎம்ஆர்வாசி | காலை 8.40
வணக்கம். தனி இழையே தொடங்கிட்டீங்க, பெருமையா இருக்கு.
நான் சொன்னது தோராயம். கிண்டியிலிருந்து பார்த்தா 17, 18 வரும். கிண்டி சிட்டி இல்லையா? 20 வருஷக் கடன், மாசாமாசம் சம்பளத்துல பாதி அதுக்கே போகுது, எனக்கும் இதே ஓஎம்ஆர்லதான் (பழைய மகாபலிபுரம் ரோடு) வாங்க முடிஞ்சுது. தி.நகர்ல வேணும்னு நான் எந்த ஆபீஸ் வாசல்லயும் உட்காரல.
பி.கு.: அது சிந்தாதிரிப்பேட்டை. பிறந்த ஊர்ப் பேரையாவது சரியா எழுதலாம்.

கூவக்கரை | காலை 8.46
15 இப்போ 18 ஆயிடுச்சு, எல்லாரும் குறிச்சுக்குங்க. சாயங்காலத்துக்குள்ள 26க்கு வந்துடுவார்.

ஊர்ப் பேரைப் பத்தி எனக்கே பாடமா? சின்னத் தறிப் பேட்டை சார் அது. 1734ல கம்பெனிக்காரன் நெசவாளிங்களைக் கூட்டிட்டு வந்து, கூவம் பக்கத்துல இடம் குடுத்து உட்கார வச்ச ஊரு. தறி எங்கயோ வீடு அங்க. உங்க பாஷையில சொன்னா அதுவும் சலுகை வீடுதான். ஆனா நெசவாளியை 26 கிலோமீட்டர் தள்ளி வச்சா துணி வராதுன்னு வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

சென்ட்ரிங்_மேஸ்திரி | காலை 9.30
கிலோமீட்டரை விட்டுட்டுக் கொஞ்சம் வீட்டைப் பத்தியும் பேசுங்கப்பா. பெரும்பாக்கத்துல மட்டும் 20,000 வீடு சொச்சம். கண்ணகி நகர் 15,000க்கு மேல, செம்மஞ்சேரி 6,000க்கு மேல. ஏன் எல்லாம் இந்தப் பக்கமே? ஒரே துண்டா அரசு நிலம் இங்க கிடைச்சுது, மத்திய அரசுத் திட்டத்துப் பணம் வந்துச்சு, அடுக்கிட்டாங்க. 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்ச காலத்துல குடிசை இருந்த இடத்துலயே மாடி வீடு கட்டிக் குடுத்தாங்க. 2021ல பேரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்தினாங்க. பழைய வேலையைத் திரும்பச் செஞ்சிருந்தா பழைய பேரே போதும்.

இன்னொண்ணு. சென்னைக்கான 2008 முழுமைத் திட்டத்தோட விதியிலேயே இருந்துச்சு: மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா, 10 சதவீத நிலத்துல குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு வீடு கட்டணும். ஒவ்வொண்ணும் 45 சதுர மீட்டருக்குள்ள. அதே வளாகத்துல, இல்லைன்னா 2 கிலோமீட்டருக்குள்ள. நீச்சல்குளம், ஜிம் எல்லாம் காட்டின சேல்ஸ் பையன் இந்த வீட்டைக் காட்டினானா? யாராவது பாத்தவங்க இருந்தா கையைத் தூக்குங்க.

ஓஎம்ஆர்வாசி | காலை 9.52
மேஸ்திரி, ஒளிக்காம சொல்றேன். அந்த 10 சதவீதம் எங்க வளாகத்துக்குள்ள வந்திருந்தா நான் அங்க வாங்கியே இருக்க மாட்டேன். என்னை மாதிரி நூறு பேர் மனசுல இருக்கறதுதான் இது, நான் வாய்விட்டுச் சொல்லிட்டேன். என் பொண்ணு டியூஷன் முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு வர்றா.

கூவக்கரை | காலை 9.55
காலையில ஆறு மணிக்கு உங்க வீட்டுப் பாத்திரம் தேய்க்க வர்ற அம்மாவோட பொண்ணும் டியூஷன் போகுது சார். அவங்க உங்க கேட்டுக்கு உள்ள வரலாம், கழுவலாம், துடைக்கலாம், குப்பை எடுக்கலாம். தங்கினா மட்டும் ஆபத்து.
விதி கிடக்கட்டும் மேஸ்திரி. 15ஆ, 26ஆ? அதைச் சொல்லுங்க.

ஓஎம்ஆர்வாசி | காலை 10.03
எங்க வீட்ல பாத்திரம் நானும் என் மனைவியும்தான் தேய்க்கிறோம். தெரியாத குடும்பத்தைப் பத்திப் பேச வேண்டாம்.

கூவக்கரை | காலை 10.04
தெரியாத குடும்பங்க 20,000 பேரைப் பத்தி நேத்து ராத்திரி பேசினது யாரு?

தோப்பாயோ_தம்பி | காலை 10.20
சிங்கப்பூர்லேருந்து எட்டிப் பாக்கறேன். இங்க பத்துல எட்டுப் பேர் வீவக (அரசோட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்லதான் இருக்காங்க. 1960ல ஆரம்பிச்சது. ஒரே இனத்துக்காரங்க ஒரு பிளாக்ல சேர்ந்துடக் கூடாதுன்னு 1989லேருந்து ஒதுக்கீடு வேற. டாக்ஸி ஓட்டறவரும் வாத்தியாரும் ஒரே லிஃப்ட்ல போறாங்க. நம்ம ஊர்ல ஒழுக்கம் இல்ல, அதான் பிரச்சினை.

கூவக்கரை | காலை 10.31
தம்பி, உங்க நாட்டைக் கிழக்கேருந்து மேற்கே அளந்தாலே 50 கிலோமீட்டர்தான். நடுவுல பாதியில எங்க அம்மாவை இறக்கி விட்டுட்டாங்க. ஒழுக்கத்தை அங்கேயே வச்சுக்கிட்டு உங்க ஊர் ரயிலை மட்டும் இங்க அனுப்பி வைங்க.

தோப்பாயோ_தம்பி | காலை 10.33
நல்லது சொன்னா நக்கல். போன வருஷம் மெட்ரோ இழையிலயும் இதே ஆள் இப்படித்தான்.

கூவக்கரை | காலை 10.34
மெட்ரோ இழையில நீங்க சொன்னதும் தப்புதான்.

மல்லிப்பூ | காலை 11.15
நான் செம்மஞ்சேரி. சுனாமிக்கு அப்புறம் கடற்கரையிலேருந்து தூக்கிட்டு வந்து போட்ட குடும்பம் எங்களுது. ஆயா கடைசி வரைக்கும் வீட்டுக்குள்ள சரியாத் தூங்கல, அலைச் சத்தம் கேக்கலைன்னு. 2021ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வந்தப்புறம் பரவாயில்ல. ஆனா மீன் கூடையோட ஏறினா சில கண்டக்டர் மூஞ்சி போற போக்கு இருக்கே!
தூரம் பெரிசில்ல அண்ணே, அட்ரஸ்தான் பெரிசு. 2025ல பஹ்ரைன்ல கபடியில தங்கம் வாங்கின டீம்ல கண்ணகி நகர் கார்த்திகா இருந்தப்ப எல்லாரும் "நம்ம சென்னைப் பொண்ணு"ன்னாங்க. அதே தெருப் பேரை வேலைக்கான பாரத்துல எழுதிப் பாருங்க, அப்புறம் தெரியும். என் தம்பி சித்தி வீட்டு அட்ரஸ் போட்டுத்தான் வேலை வாங்கினான்.

கூவக்கரை | காலை 11.18
தங்கச்சி சொல்றது நியாயம். ஆனா தூரம் பெரிசில்லன்னு மட்டும் எழுதாதம்மா, இவங்க அதை வெட்டி ஒட்டிக்குவாங்க.

ஓஎம்ஆர்வாசி | காலை 11.21
"தூரம் பெரிசில்ல" – மல்லிப்பூ, செம்மஞ்சேரி. அங்கேயே குடியிருக்கறவங்க வாக்குமூலம். இனி நான் சொல்ல என்ன இருக்கு?

மல்லிப்பூ | காலை 11.40
ஐயோ சாமி. நான் எழுதினதுல அந்த ஒரு வரிதான் கண்ணுல பட்டுச்சா சார் உங்களுக்கு?

ஏரிக்கரையான் | பகல் 12.05
பெரும்பாக்கம் கிராமத்தான் பேசறேன். எங்க தாத்தா இந்த ஏரித் தண்ணியில நெல்லு போட்டவர். வாரியம் வந்துச்சு, ஐடி வந்துச்சு, உங்க கேட் போட்ட அபார்ட்மெண்ட்டும் வந்துச்சு. எல்லாம் தண்ணி நின்ன இடம். இப்போ 2022ல பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு ராம்சர் பட்டம் (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு), மிச்சம் இருக்கறதுக்கு. வந்தவங்க ரெண்டு பேர் சண்டை போடறீங்க, எங்களை யாராவது கேட்டீங்களா?

ஓஎம்ஆர்வாசி | பகல் 12.11
நிலத்தை நல்ல விலைக்கு வித்தப்ப யாரைக் கேட்டீங்க?

ஏரிக்கரையான் | பகல் 12.14
எங்க குடும்பம் ஒரு சென்ட் விக்கல. வாயை அடக்கிப் பேசு. கும்பகோணத்துலேருந்து 2009ல வந்தவர்தானே நீ? உன் அறிமுகப் பக்கத்துலயே இருக்கு.

கூவக்கரை | பகல் 12.16
அடேங்கப்பா! 2009ல கும்பகோணத்துலேருந்து பஸ் ஏறினவரா சிட்டி எது, எங்க முடியுதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறார்? அதான் 15. கோயம்பேட்ல இறங்கி எண்ண ஆரம்பிச்சிருப்பார்.

ஓஎம்ஆர்வாசி | பகல் 12.30
ஊரைச் சொல்லி மட்டம் தட்டறது உங்க தரம். என் அப்பா சைக்கிள்ல வெத்தலை போட்டு வித்து என்னைப் படிக்க வச்சார். எந்த வாரியமும் எங்களுக்கு ஓலைக் கொட்டகை கூடக் குடுக்கல.

சென்ட்ரிங்_மேஸ்திரி | பகல் 12.41
இன்னும் ஒருத்தர் கூடக் கையைத் தூக்கல. அந்த 10 சதவீதம்.

மட்டுறுத்துநர் | பகல் 1.00
சொந்த ஊர், குடும்பம் வேண்டாம். வீட்டுத் திட்டத்தைப் பற்றி மட்டும் பேசவும். அடுத்த முறை இழை பூட்டப்படும்.

கூவக்கரை | பகல் 1.02
வீட்டுத் திட்டத்தைப் பத்தித்தான் பேசறேன். திட்டம் 26 கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

ஓஎம்ஆர்வாசி | பகல் 1.10
வரைபடத்துல நேர்கோடு போட்டா 26 வராது. சவால்.

கூவக்கரை | பகல் 1.11
எங்க அம்மாவுக்கு இறக்கை இல்ல சார்.

சென்ட்ரிங்_மேஸ்திரி | மாலை 6.50
சைட் வேலையா அந்தப் பக்கம் போனேன். உங்க தொல்லை தாங்காம சென்ட்ரல் வாசல்ல மீட்டரை ஜீரோ பண்ணிட்டே கிளம்பினேன். குடியிருப்பு வாசல் வரைக்கும் 25.4.

ஓஎம்ஆர்வாசி | மாலை 6.58
ஆக 26 பொய். சாட்சியோட நிரூபணம். நன்றி மேஸ்திரி.

கூவக்கரை | மாலை 7.01
பத்து கிலோமீட்டர் தப்பாச் சொன்னவரு அறுநூறு மீட்டருக்குச் சாட்சி தேடறார். வாசல் வரைக்கும்தானே அளந்திருக்கார்? வாசல்லேருந்து எங்க பிளாக் உள்ள தள்ளி. அப்புறம் ஆறு மாடி. நீங்க பெருமையடிச்ச அந்த லிஃப்ட் முந்தாநாள்லேருந்து நிக்குது.

ஓஎம்ஆர்வாசி | மாலை 7.04
மாடிப்படியையும் கிலோமீட்டர்ல சேர்க்கற முதல் ஆள் நீங்கதான்.

கூவக்கரை | மாலை 7.05
எண்ணெய் டப்பாவோட ஏறிப் பாருங்க, நீங்க ரெண்டாவது ஆளா இருப்பீங்க.

ஏரிக்கரையான் | மாலை 7.20
மேஸ்திரி, எந்தப் பக்கமாப் போனீங்க? மேடவாக்கமா, சோழிங்கநல்லூரா? மேடவாக்கம் வழின்னா அந்தக் கணக்கு செல்லாது.