இளவரசனின் குற்றத்தைப் படம் ஏன் துடைத்தது? பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: கேமா, படமா?

அறுபதுநிமிடம்:
பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேமை வைத்து 2010-இல் வந்த அதே பெயர்ப் படத்தை நேற்று இரவு மறுபடி பார்த்தேன். ஜேக் ஜில்லென்ஹால் நன்றாகவே ஓடுகிறார், தாவுகிறார். மொராக்கோவில் எடுத்த காட்சிகளும் கண்ணுக்கு நிறைவு. ஆனால் முடிந்ததும் மனதில் ஒன்றும் தங்கவில்லை. என் கட்சி இதுதான்: இந்த கேமைப் படமாக எடுக்கவே முடியாது.

நான் சொல்வது ஜோர்டன் மெக்னர் 1989-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காகச் செய்த முதல் கேம். எனக்கு அதன் டாஸ் பதிப்பு கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு ஃப்ளாப்பியில் கிடைத்தது. அறுபது நிமிடத்துக்குள் இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும். செத்தால் லெவலின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம். ஆனால் போன நேரம் போனதுதான். ஷிஃப்ட்டைப் பிடித்தபடி பள்ளத்தின் விளிம்புவரை ஒவ்வோர் அடியாக நகர்வேன். ஓரடி கூடினால் கீழே ஈட்டி முனைகள். பக்கத்தில் நிற்கும் பையன்கள்கூடப் பேச மாட்டார்கள். அந்தப் பயம் என் விரலில் இருந்தது. தியேட்டரில் இன்னொருவர் தாவும்போது அது எப்படி வரும்?

மணல்கடிகாரம்:
அண்ணா, உங்கள் ஃப்ளாப்பி கேமை மதிக்கிறேன். ஆனால் படம் எடுக்கப்பட்டது அதிலிருந்து இல்லை. 2003-இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட சேண்ட்ஸ் ஆஃப் டைம் கேமிலிருந்து. அதற்குக் கதை எழுதியதும் மெக்னர்தான், படத்தின் கதைக்கும் அவர் பெயர்தான் இருக்கிறது. அவரே சம்மதித்துச் செய்த மாற்றங்களை நாம் துரோகம் போலப் பேசுவது சரியில்லை. உலகம் முழுக்க 33 கோடி டாலருக்கு மேல் வசூல். 2016-இல் வார்கிராஃப்ட் வரும்வரை கேமிலிருந்து வந்த படங்களில் இதுதான் முதலிடம். பார்த்தவர்கள் எல்லாருமா ஏமாந்தார்கள்?

நிழல்மனிதன்:
வசூலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதே சமயம் அறுபது அண்ணா சொல்வதும் தவறு. கேமைப் படமாக எடுக்க முடியாது என்றால் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேமிலிருந்து ஆர்கேன் தொடர் எப்படி வந்தது? 2023-இல் அதே பெயர் கேமிலிருந்து தி லாஸ்ட் ஆஃப் அஸ் தொடர் வந்ததே, அதில் என் கையில் பட்டன் இல்லைதான். ஆனால் கடைசியில் நாயகன் ஜோயல் செய்வதைப் பார்த்தபோது கேமில் எனக்கு எவ்வளவு கனத்ததோ அதே அளவு கனத்தது. காரணம், அவன் செய்த தப்பை அவன் தப்பாகவே விட்டார்கள்.

பெர்சியா படம் செய்யாதது அதைத்தான். 2003 கேமில் நேரத்தைத் திருப்பும் கத்தியை வைத்து மணல்கடிகாரத்தைத் திறப்பது இளவரசன். மந்திரி தூண்டிவிடுகிறான், உண்மை. ஆனாலும் கை இவனுடையது. அரண்மனை முழுக்க மனிதர்கள் மணல் பூதங்களாகிறார்கள். அவன் தகப்பனும்தான். அந்தத் தகப்பனை அவனே வெட்ட வேண்டி வருகிறது. படத்தில்? ராஜா விஷம் தோய்ந்த அங்கியால் சாகிறார், பழி படத்தின் இளவரசன் தாஸ்தான் மேல் விழுகிறது, அவன் நிரபராதி. குற்றம் செய்த ஒருவன் நேரத்தைத் திருப்பத் துடிப்பது வேறு. பொய்ப்பழி சுமந்தவன் ஓடுவது வேறு. இரண்டாவது கதையை நூறு படங்களில் பார்த்தாயிற்று.

வல்லாரை:
ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். பாரசீகக் கதை, ஆனால் முக்கிய வேடம் எதிலும் ஓர் ஈரானிய நடிகர் இல்லை. 2003 கேமின் நாயகி ஃபாரா இந்திய மகாராஜாவின் மகள். படத்தில் அவளே இல்லை, தமினா என்று வேறொரு இளவரசி. எனக்கு முதல் வருத்தம் அதுதான்.

மணல்கடிகாரம்:
வல்லாரை சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அந்த இடத்தில் படத்துக்காக நான் வாதாட மாட்டேன்.

ஆனால் நிழல்மனிதன், படத்தில் ஒரு காட்சியை நீங்கள் கவனிக்கவில்லை. கத்தியின் சக்தியைத் தாஸ்தான் சொன்னால் அண்ணன் துஸ் நம்ப மாட்டார். உடனே தாஸ்தான், பிடியில் இருக்கும் கல்லை அழுத்து என்று சொல்லிவிட்டு, அதே கத்தியால் தன்னைக் குத்திக்கொள்கிறான். தம்பி கண்ணெதிரே சாகிறான். அண்ணன் அழுத்துகிறார். நேரம் திரும்புகிறது. கேமில் பட்டன் எப்போதும் நம் விரலுக்கடியில்தான். விழுந்தால் நாமே திருப்பிக்கொள்வோம். இங்கே அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உயிரைப் பணயம் வைக்கிறான். அவர் நம்பாவிட்டால் அவ்வளவுதான். அந்த நம்பிக்கையைக் கேம் காட்டவே முடியாது. படத்தால் முடிந்தது.

நிழல்மனிதன்:
அந்தக் காட்சி நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. அதைப் போல இன்னும் மூன்று இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

பழைய கேமில் கண்ணாடி வரும் இடம் நினைவிருக்கிறதா? நாலாவது லெவல். வழியை அடைத்தபடி ஒரு நிலைக்கண்ணாடி. ஓடிவந்து அதற்குள்ளேயே பாய வேண்டும். பாய்ந்ததும் நம் நிழல் மறுபக்கமாகப் பிரிந்து ஓடிவிடும், நம் உயிரைக் காட்டும் முக்கோணங்களில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். அதற்குப் பிறகு நாம் குடிக்க வேண்டிய மருந்தை அவன் குடிப்பான், கதவை நம் முகத்தில் மூடுவான். இத்தனைக்கும் ஆப்பிள் 2-வில் புது எதிரிக்குப் படம் வரைய மெமரி மிச்சமில்லை. இளவரசன் படத்தையே கொஞ்சம் நகர்த்தி அதன் மேலேயே பதித்து உண்டாக்கியவன்தான் அந்த நிழல். கையில் ஒன்றுமில்லாத நிலையில் பிறந்தவன். அவன்தான் அந்த கேமின் ஆன்மா. பெரிய பட்ஜெட் படத்தில் அவனுக்கு இடமில்லாமல் போனதே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

அறுபதுநிமிடம்:
பன்னிரண்டாவது லெவலில் அவன் திரும்ப வருவான். நான் பல நாள் அவனோடு வாள் சண்டை போட்டேன். அவனை வெட்டினால் என் உயிரும் குறையும். வெறுத்துப்போய் "பிரின்ஸ் மெகாஹிட்" என்று டைப் செய்து ஏமாற்று வழியில்கூட ஆடிப் பார்த்தேன். ஒரு நாள் ஒரு பையன் பின்னாலிருந்து கீழ் அம்புக்குறியை அழுத்தினான். வாள் உறைக்குள் போனது. எதிரே அவனும் வாளை இறக்கினான். அப்படியே ஓடிப்போய் அவனுக்குள் கலந்துவிட்டேன். அதற்கப்புறம் வெறும் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் கால் வைத்தால் தரை முளைத்தது. யாரும் சொல்லித் தராத விஷயம், வசனம் ஒன்றுகூட இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படமாக எடுக்கவே முடியாது என்று நான் ஆரம்பித்தது தவறு. நிழல்மனிதன் சொன்னதுதான் என் குறையும்: தாஸ்தானிடம் திருத்திக்கொள்ள எதுவுமே இல்லை.

மணல்கடிகாரம்:
இல்லை அண்ணா, இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் தமினாவின் அலமுத் நகரத்தின் மேல் நடந்த போர் பொய்ச் சாட்சியத்தின் மேல் நடந்த போர். இரவோடு இரவாகச் சுவரேறிப் படைக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்? தாஸ்தான். கடைசியில் நேரம் எங்கே போய் நிற்கிறது? அந்த நகரம் விழுந்த வேளையில். அப்பாவின் சாவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தியிருந்தாலே கதைக்குப் போதுமே. கதவு திறந்த அந்த வேளைக்கே அவனைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே நின்றுதான் அவன் போரை நிறுத்தச் சொல்கிறான்.

அறுபதுநிமிடம்:
அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் இடையில் இரண்டு மணி நேரம் அந்தக் கதவைப் பற்றி அவன் மனம் உறுத்தியதாக எனக்கு ஒரு காட்சியும் நினைவில் இல்லை. இருந்தால் எந்த இடம் என்று சொல்லுங்கள் தம்பி, இன்று இரவே போட்டுப் பார்க்கிறேன்.